‘புது மருந்து’ என்பதில் எது புதுசு? குழந்தைகளின் வலிப்பு மருந்துகள் பற்றிச் சில குறிப்புகள்

வலிப்பு நோயைப் பற்றித் தமிழில் எதைத் தேடினாலும் ஒரே வாக்கியம் வேறு வேறு உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. புதிய தலைமுறை மருந்துகள் வந்துவிட்டன, பழசைவிட நன்றாக வேலை செய்யும், பக்க விளைவும் குறைவு. காணொளி, மாத இதழ், மருந்துக் கம்பெனி அச்சடித்த கையேடு, எல்லாவற்றிலும் இதுதான்.

நான் இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். "புதிய வெர்ஷன் வேகமானது, பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்று ரிலீஸ் நோட் எழுதின கை என்னுடையதும்தான். அதனால் இந்த மாதிரி வாக்கியத்தைப் பார்த்தால் எனக்கு மூன்று கேள்வி வரும். எந்த வெர்ஷனோடு ஒப்பிட்டீங்க? எத்தனை பேரிடம் ஓட்டிப் பார்த்தீங்க? எவ்வளவு நாள்? இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கடந்த சில மாதங்களாக ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து எடுத்த குறிப்புகள்தான் இது.

ஒரு எச்சரிக்கை. நான் டாக்டர் இல்லை, பி.இ. படித்த ஆள். இதைப் படித்துவிட்டு யாரும் குழந்தைக்குக் கொடுக்கிற மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். அது உயிருக்கே ஆபத்து.

முதலில், எது புதுசு? 1912-இல் ஃபீனோபார்பிட்டால் (நம்ம ஊரில் கார்டினால்), 1938-இல் ஃபெனிட்டாயின் (எப்டாயின்), ஐம்பதுகளின் கடைசியில் எத்தோசக்சிமைடு, அறுபதுகளில் கார்பமாசெபைன், வால்ப்ரோயேட். இவை பழசு. 1990-ஐ ஒட்டி வர ஆரம்பித்த விகாபாட்ரின், லாமோட்ரிஜின், டோபிராமேட், லெவெடிராசெட்டம் (லெவிபில், கெப்ரா) எல்லாம் புதுசு என்று கணக்கு. அதற்குப் பிறகும் லாகோசமைடு, பெராம்பனெல், பிரைவராசெட்டம், கன்னாபிடையால் என்று வரிசை நீள்கிறது. இதில் ஒரு வேடிக்கை. ஜோனிசமைடு ஜப்பானில் 1989-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவுக்கு 2000-இல்தான் போனது. ஐரோப்பாவில் எழுபதுகளிலிருந்து கொடுத்துவந்த குளோபஜாமுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது 2011-இல். அங்கே அது புது மருந்து! ஆக ‘புதுசு’ என்பது பல சமயம் மருந்தின் வயது இல்லை, அந்த நாட்டு மருந்துக்கடைக்கு அது வந்து சேர்ந்த தேதி.

சரி, பலன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒரு வலிப்பு சிகிச்சை மையம், புதிதாக நோய் கண்டறியப்பட்டு வருபவர்களைப் பல வருஷங்களாகத் தொடர்ந்து கணக்கெடுத்து வந்தது. குவான், பிராடி இருவரும் 2000-இல் வெளியிட்ட முதல் கணக்கில், சுமார் 64 சதவீதம் பேருக்கு மருந்தால் வலிப்பு நின்றிருந்தது. அதே மையத்தின் 1982 முதல் 2012 வரையிலான முப்பது வருஷக் கணக்கு, மொத்தம் 1,795 பேர், 2018-இல் வெளியானது. இந்த இடைவெளியில் ஒரு டஜனுக்கும் மேல் புது மருந்துகள் வந்துவிட்டன. புதிய எண் என்ன தெரியுமா? 63.7 சதவீதம். இரண்டு தடவை சரிபார்த்தேன், எண்ணில் தப்பில்லை. முதல் மருந்திலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு நின்றுவிடுகிறது. இரண்டாவது மருந்தில் இன்னும் 11.6 சதவீதம், மூன்றாவதில் 4.4. அதற்குப் பிறகு வரைபடம் தரையோடு படுத்துவிடுகிறது.

நியாயமாக ஒன்று சொல்லணும். கிளாஸ்கோ நோயாளிகள் 9 வயதுக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் வளர்ந்தவர்கள். ஒன்றிரண்டு வயதுக் குழந்தைகளின் வலிப்பு வேறு ஜாதி. இதை மட்டும் வைத்துக் குழந்தைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதனால் குழந்தைகளிடமே நேரடியாக நடத்திய ஒப்பீடுகளைத் தேடினேன். பெரியவர்களோடு ஒப்பிட்டால் குறைவுதான், ஆனால் இருப்பவை தரமானவை.

எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு, கிளாசர் குழுவினர் 2010-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டது. எடுத்துக்கொண்டது, வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பு. பாடம் நடக்கிறபோது குழந்தை சில நொடி அப்படியே உறைந்து நிற்கும், கண் எங்கேயோ இருக்கும், கூப்பிட்டால் பதில் வராது, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி எழுதத் தொடங்கும். கீழே விழாது, இழுக்காது. "கவனமே இல்லை" என்று டீச்சரிடம் திட்டு வாங்குகிற பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது இதுதான். இந்த வகைக்கு அமெரிக்காவில் 453 குழந்தைகளை மூன்று பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரித்து, எத்தோசக்சிமைடு, வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின் மூன்றையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. 16 முதல் 20 வாரத்தில் சிகிச்சை தோற்காமல் நின்றவர்கள் எத்தோசக்சிமைடில் 53 சதவீதம், வால்ப்ரோயேட்டில் 58, லாமோட்ரிஜினில் 29. ஒரு வருஷம் கழித்து 45, 44, 21.

மூன்றிலும் புதியது லாமோட்ரிஜின். அது தோற்றது பெரும்பாலும் பக்க விளைவால் இல்லை. வலிப்பை நிறுத்த முடியாததால். உடம்புக்கு மென்மையாகத்தான் இருந்தது, வேலையைச் செய்யவில்லை, அவ்வளவுதான். இந்த ஆய்வின் அழகு இன்னொரு இடத்தில் இருக்கிறது. எத்தோசக்சிமைடும் வால்ப்ரோயேட்டும் வலிப்பை நிறுத்துவதில் சமம். அதோடு கடையை மூடியிருக்கலாம். ஆனால் அவர்கள் குழந்தைகளின் கவனத்தையும் அளந்தார்கள். கவனக் குறைபாடு வால்ப்ரோயேட் பிரிவில் 49 சதவீதம், எத்தோசக்சிமைடில் 33. பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்கு இதுதானே முக்கியமான எண்! ஆக ஐம்பதுகளில் வந்த மருந்து முதலிடத்துக்குப் போனது. இப்படி ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கத் தெரிந்தவர்கள் நடத்திய ஆய்வு என்பதால்தான் இதை மேலே வைக்கிறேன்.

அடுத்தது பிரிட்டனின் சனாட்-2. லிவர்பூலின் டோனி மார்சன் தலைமையில் நடந்தது, 2021-இல் லான்செட்டில் இரண்டு கட்டுரைகளாக வந்தது. 5 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் சேரலாம். மூளை முழுக்கப் பரவும் வகை வலிப்பு அல்லது வகை பிரிக்க முடியாத வலிப்பு உள்ள 520 பேரிடம் வால்ப்ரோயேட்டையும் லெவெடிராசெட்டத்தையும் ஒப்பிட்டார்கள். மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்பு உள்ள 990 பேரிடம் லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம், ஜோனிசமைடு. இந்த இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலோர் பெரியவர்கள்.

இன்றைக்கு எங்கே பார்த்தாலும் முதலில் எழுதப்படும் மருந்து லெவெடிராசெட்டம்தான். அது இரண்டு ஆய்விலுமே "ஒப்பிட்ட மருந்துக்குக் குறைந்ததில்லை" என்ற தேர்வில் தேறவில்லை. பக்க விளைவுகளைப் பார்த்தால், இரண்டாவது கூட்டத்தில் லாமோட்ரிஜினில் 33 சதவீதம், லெவெடிராசெட்டத்தில் 44, ஜோனிசமைடில் 45. முதல் கூட்டத்தில் வால்ப்ரோயேட் 37, லெவெடிராசெட்டம் 42. ஜோனிசமைடு பலனில் தேறியது, தாங்குவதில் பின்தங்கியது.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படிக்கணும். "குறைந்ததில்லை என்று நிரூபிக்க முடியவில்லை" என்பதும் "குறைந்தது என்று நிரூபித்துவிட்டார்கள்" என்பதும் ஒன்றில்லை. புது சர்வர் பழசைவிட பத்து சதவீதத்துக்கு மேல் மெதுவாகாது என்று காட்டு என்கிறோம். சோதனை முடிவு எல்லைக்கோட்டைத் தாண்டிச் சிந்துகிறது. மெதுவானதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, சமம் என்று கையெழுத்துப் போடவும் முடியாது. சனாட்-2 பற்றி எழுதிய சிலர் "லெவெடிராசெட்டம் தோற்றது" என்று தலைப்பு வைத்தார்கள். அது கொஞ்சம் அதிகம். அதேபோல, இந்த ஆய்வில் யார் எந்த மருந்து சாப்பிடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். லெவெடிராசெட்டம் எரிச்சலைக் கொடுக்கும் என்று கேள்விப்பட்ட அம்மா, பிள்ளை கோபப்படும்போதெல்லாம் அதைக் குறித்துக்கொள்வார். 44-இல் எவ்வளவு மருந்து, எவ்வளவு எதிர்பார்ப்பு என்று பிரிக்க வழியில்லை.

"அப்போ வால்ப்ரோயேட்டே கொடுத்துடலாமே" என்று கேட்கிறவர்களுக்கு: அங்கேதான் பழைய மருந்தின் பெரிய ஓட்டை. கர்ப்ப காலத்தில் தாய் வால்ப்ரோயேட் எடுத்தால் பிறவிக் குறைபாடுகள் கூடுகின்றன. பிறக்கும் குழந்தையின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படுகிறது. மெடார் குழுவினரின் ஆய்வில், கருவில் வால்ப்ரோயேட்டுக்கு உட்பட்ட குழந்தைகளின் மூன்று வயது ஐ.க்யூ. சராசரி 92, லாமோட்ரிஜினுக்கு 101. இது சின்ன வித்தியாசம் இல்லை. பத்து வயதுப் பெண் குழந்தைக்கு இன்றைக்குத் தொடங்கும் மருந்து இருபத்தைந்து வயதிலும் தொடரலாம் என்பதை யோசித்துத்தான் டாக்டர் லெவெடிராசெட்டத்தையோ லாமோட்ரிஜினையோ எடுக்கிறார். பலனில் நாலு மார்க் குறைந்தாலும் இங்கே புதுசுதான் சரி. புது மருந்துகளின் உண்மையான சாதனை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். விளம்பரக் கையேடுகளில் இது சின்ன எழுத்தில் இருக்கிறது, போங்க.

அவசர சிகிச்சைப் பிரிவின் கதை சுருக்கமானது. முதல் ஊசிக்கும் அடங்காத வலிப்பில், இரண்டாவதாக ஃபெனிட்டாயினா லெவெடிராசெட்டமா என்று 2019-இல் மூன்று பெரிய ஆய்வுகள் வந்தன. பிரிட்டனில் 286 குழந்தைகள்: லெவெடிராசெட்டத்தில் 70 சதவீதம் பேருக்கு நின்றது, ஃபெனிட்டாயினில் 64. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 233 குழந்தைகள்: இங்கே தலைகீழ், ஃபெனிட்டாயின் 60, லெவெடிராசெட்டம் 50. அமெரிக்காவில் பெரியவர்களையும் சேர்த்து நடந்த மூன்றாவதில் 47, 45, 46 (மூன்றாவது வால்ப்ரோயேட்). எந்த வித்தியாசமும் தற்செயலைத் தாண்டவில்லை. முதல் இரண்டில் ஒன்றை மட்டும் படித்தவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கட்சி கட்டலாம்!

பிறந்த குழந்தைகள் விஷயம் அப்படியில்லை, அங்கே வித்தியாசம் முகத்தில் அறைகிறது. பச்சிளம் குழந்தையின் வளரும் மூளைக்கு ஃபீனோபார்பிட்டால் நல்லதில்லை என்ற பயத்தில் பல இடங்களில் லெவெடிராசெட்டத்துக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். நேரடியாக ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. 24 மணி நேரம் வலிப்பில்லாமல் இருந்தவர்கள் ஃபீனோபார்பிட்டாலில் 30-க்கு 24 பேர், அதாவது 80 சதவீதம். லெவெடிராசெட்டத்தில் 53-க்கு 15, அதாவது 28 சதவீதம். மூச்சு மந்தமாவது, ரத்த அழுத்தம் குறைவது ஆகியவை ஃபீனோபார்பிட்டாலில் கூடுதலாகத்தான் இருந்தன. அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் 80-க்கு 28! 1912-இல் வலிப்புக்குப் பயன்படத் தொடங்கிய இந்த மருந்துக்கு, பச்சிளம் குழந்தைகளின் வலிப்புக்கென்று எஃப்.டி.ஏ. முறையான அனுமதி கொடுத்த வருஷம் 2022. நூற்றுப் பத்து வருஷம் ‘பீட்டா’வில் ஓடியிருக்கிறது.

இதுவரை படித்தவர்கள் நான் பழமைவாதி என்று நினைக்கலாம். இல்லை. டிராவே சிண்ட்ரோம் என்று ஒரு அரிய நோய். பெரும்பாலும் சோடியம் கால்வாய்க்கான ஒரு மரபணுவில் வரும் கோளாறு. ஒரு வயதுக்குள், அடிக்கடி காய்ச்சலோடு, நீண்ட வலிப்பாக ஆரம்பிக்கும். பழைய மருந்துகள் பலவற்றுக்கு அடங்காது. கார்பமாசெபைன் மாதிரி சோடியம் கால்வாயை அடைக்கும் மருந்து கொடுத்தால் மோசமாகும். புதுசான லாமோட்ரிஜினும் அதே மாதிரி மோசமாக்கலாம் என்பதைக் கவனியுங்க. பழசா புதுசா என்ற கேள்வியே இங்கே உதவாது. எந்த வகை வலிப்பு என்பதுதான் கேள்வி.

இந்த நோய்க்கு 2000-இல் பிரான்சில் ஸ்டிரிபென்டாலைச் சோதித்தார்கள். மொத்தமே 41 குழந்தைகள். வலிப்பு பாதிக்குமேல் குறைந்தவர்கள் மருந்துப் பிரிவில் 71 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 5. வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது 41 பேரே போதும். பிறகு 2017-இல் கன்னாபிடையால். கஞ்சாச் செடியிலிருந்து பிரிக்கிற, போதை தராத பொருள். 120 பேர். மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆனது, வெற்று மருந்துப் பிரிவில் 14.9-இலிருந்து 14.1. அதன்பின் ஃபென்ஃபுளூரமைன். உடல் எடைக் குறைப்பு மாத்திரையாக விற்று, இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997-இல் திரும்பப் பெறப்பட்ட அதே ஃபென்ஃபுளூரமைன்! 2019-இல் 119 பேரிடம் நடந்த ஆய்வில், கூடிய அளவு மருந்து எடுத்தவர்களுக்கு வெற்று மருந்தைவிட 62 சதவீதம் கூடுதலாக வலிப்பு குறைந்தது. வால்வுக் கோளாறு யாருக்கும் தென்படவில்லை. குறைந்த அளவில் கொடுக்கிறார்கள், இதய எக்கோ எடுத்துக்கொண்டே இருக்கணும் என்ற நிபந்தனையும் உண்டு. தினமும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற குடும்பத்துக்கு இவையெல்லாம் வாழ்க்கையையே மாற்றும் எண்கள்.

ஆனால் அந்தக் கன்னாபிடையால் ஆய்வில் என்னை நிறுத்திவைத்த இன்னொரு எண் இருக்கிறது. வலிப்பு பாதிக்குமேல் குறைந்தவர்கள் மருந்துப் பிரிவில் 43 சதவீதம், வெற்று மருந்துப் பிரிவில் 27. ஒன்றுமே இல்லாத திரவத்தைக் குடித்த குழந்தைகளில் நாலில் ஒருவருக்கும் மேல் ‘பாதியாகக் குறைந்தது’! மாயமில்லை. வலிப்பு ஏறி இறங்கும் நோய். ரொம்ப மோசமாக இருக்கிற மாதத்தில்தான் பெற்றோர் புது ஆய்வில் சேர்க்க ஓடி வருவார்கள். அடுத்த மாதம் தானாகவே கொஞ்சம் இறங்கும். ஒப்பீட்டுப் பிரிவு இல்லாமல் "எங்களிடம் வந்த குழந்தைகளில் 40 சதவீதம் பேருக்குப் பாதியாகக் குறைந்தது" என்று யாராவது சொன்னால் அதில் பெரும்பகுதி இந்த இறக்கமாக இருக்கலாம். இன்னொன்று, கன்னாபிடையால் குளோபஜாமின் வளர்சிதைப் பொருளை ரத்தத்தில் ஏற்றிவிடும். இரண்டையும் சேர்த்து எடுக்கும் குழந்தைக்கு வரும் தூக்கமும், பலனில் ஒரு பங்கும் உள்ளே உயர்ந்துபோன பழைய மருந்தின் வேலையாகவும் இருக்கலாம்.

இனி பாதுகாப்பு. ஆய்வுக் கட்டுரைகளின் முடிவில் "குழந்தைகள் மருந்தை நன்றாகத் தாங்கிக்கொண்டார்கள்" என்ற பொருளில் ஒரு வரி கட்டாயம் இருக்கும். எனக்கு ரொம்ப உதைக்கிற வரி அதுதான். நம்ம பாஷையில் "தெரிந்த பிரச்சினை எதுவும் இல்லை" என்பது மாதிரி. எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று தெரியாமல் அதற்கு அர்த்தமே கிடையாது. இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு விளைவு எத்தனை பேரில் ஒருவருக்கும் வரவில்லையோ, அந்த எண்ணால் 3-ஐ வகுங்க. உண்மையான ஆபத்து அந்த அளவு வரை இருக்க வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். 300 பேரில் யாருக்கும் வரவில்லை என்றால், நூற்றில் ஒருவருக்கு வரக்கூடியதைக்கூட அந்த ஆய்வால் மறுக்க முடியாது.

ஃபெல்பமேட் இதற்குச் சரியான உதாரணம். லெனாக்ஸ்-காஸ்டோ என்ற கடுமையான குழந்தை வலிப்புக்கு 73 பேரிடம் சோதித்து, நல்ல பலன் கண்டு, 1993-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பல வருஷம் கழித்து வந்த புது மருந்து, வரவேற்பு பலம். ஒரு வருஷத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எடுத்தார்கள். 1994-இல் எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதையே நிறுத்திவிடும் நோயும் கல்லீரல் செயலிழப்பும் வரத் தொடங்கின, மரணங்களும். ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்கு வருவதை 73 பேரில் எப்படிப் பார்க்க முடியும்? யாரும் ஏமாற்றவில்லை. அந்தச் சோதனைக்கு அதைப் பார்க்கும் கண் இல்லை.

விகாபாட்ரின் இன்னும் சங்கடமானது. பிரிட்டனில் 1989-இல் வந்தது. அது பக்கவாட்டுப் பார்வையை நிரந்தரமாகச் சுருக்குகிறது என்பது 1997-இல்தான் வெளியே வந்தது. பெரியவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு இது வருகிறது. இவ்வளவு அடிக்கடி வருவதைக் கண்டுபிடிக்க எட்டு வருஷமா என்று தோன்றும். பார்வை ஓரத்திலிருந்து மெதுவாகச் சுருங்கினால் நமக்கே தெரியாது. யாரும் பார்வைப் பரப்பை அளக்கவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது இந்த மருந்து அதிகம் கொடுக்கப்படுவதோ கைக்குழந்தைகளுக்கு. அவர்களிடம் அந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. ஆனாலும் கொடுக்கிறார்கள், சரியாகவே கொடுக்கிறார்கள். கைக்குழந்தைக்கு வரும் திடீர்க் குலுங்கல் வகை வலிப்பை, அதிலும் டியூபரஸ் ஸ்கிளரோசிஸ் இருக்கும் குழந்தையில், சீக்கிரம் நிறுத்தாவிட்டால் மூளை வளர்ச்சியே நின்றுபோகும். பார்வையின் ஓரமா, முழு வளர்ச்சியா என்ற பேரம் அது. பெற்றோரிடம் அதைப் பேரமாகவே எடுத்துச் சொல்லணும். "பாதுகாப்பான மருந்து" என்ற ஒற்றைச் சொல்லில் அது அடங்காது.

லாமோட்ரிஜினின் தோல் தடிப்பு வேறு வகைப் பாடம். கடுமையான தடிப்பு குழந்தைகளில் ஆயிரத்துக்கு 3 முதல் 8 பேர் வரை என்று அமெரிக்க மருந்துக் குறிப்பே சொல்கிறது, பெரியவர்களைவிட அதிகம். வால்ப்ரோயேட்டோடு சேர்த்தால் லாமோட்ரிஜின் உடம்பில் இரட்டிப்பாகத் தங்கும், ஆபத்தும் கூடும். அளவை வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றினால் கணிசமாகக் குறையும். இங்கே பாதுகாப்பு மாத்திரைக்குள் இல்லை, ஏற்றுகிற வேகத்தில் இருக்கிறது. "இன்னும் குறையலையே, சீக்கிரம் ஏத்துங்க டாக்டர்" என்று அவசரப்படுத்துகிற பெற்றோருக்கு இதை ஒருவர் உட்கார வைத்துச் சொல்லணும்.

லெவெடிராசெட்டத்துக்கு வருவோம். எனக்கு அக்கா முறையான ஒருவரின் மகனுக்கு ஏழு வயதில் ஃபிட்ஸ் ஆரம்பித்து இந்த மருந்து கொடுத்தார்கள். வலிப்பு நின்றுவிட்டது. இரண்டு மாதம் கழித்து போன் பண்ணினார். "தம்பி, ஃபிட்ஸ் வரலப்பா, ஆனா பையன் எதுக்கெடுத்தாலும் சீறுறான், தங்கச்சியைப் போட்டு அடிக்கிறான், இவன் இப்படி இல்ல." டாக்டரிடம் சொன்னீங்களா என்றால், "குணத்தைப் பத்தியெல்லாம் டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது" என்கிறார். சொன்ன பிறகு மருந்தை மாற்றினார்கள், அது தனிக் கதை. நான் சொல்ல வருவது, எரிச்சல், ஆவேசம் என்பவை இந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே உள்ள, குழந்தைகளில் கூடுதலாக வரும் விளைவுகள். பெராம்பனெலுக்கு இதே காரணத்துக்காக அமெரிக்காவில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையே உண்டு. கல்லீரலை ரத்தப் பரிசோதனை காட்டும். குணத்தைக் காட்டும் பரிசோதனை, வீட்டில் இருப்பவர் வாயைத் திறப்பதுதான். ‘பக்க விளைவு குறைவு’ என்ற பேச்சில் இது கணக்கிலேயே வராமல் போகிறது.

டோபிராமேட்டும் ஜோனிசமைடும் குழந்தைகளுக்கு வியர்வையைக் குறைத்து உடல் சூட்டை ஏற்றிவிடும் என்பதையும் நம்ம ஊர்ச் சித்திரை வெயிலை நினைத்துக் குறித்துவைக்கிறேன்.

இவ்வளவு புது மருந்துகளுக்குக் குழந்தைகளுக்கான அனுமதி எப்படிக் கிடைக்கிறது? மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்பு, 4 வயதுக்கு மேல் பெரியவர்களில் போலவே நடந்துகொள்கிறது என்று எஃப்.டி.ஏ. 2010-களின் நடுவில் ஒரு முடிவுக்கு வந்தது. பிறகு அந்த வயதை இன்னும் கீழே இறக்கியது. அதன்படி பெரியவர்களிடம் காட்டிய பலனைக் குழந்தைக்கும் நீட்டிக்கொள்ளலாம். ரத்தத்தில் மருந்தின் அளவும் பாதுகாப்பும் மட்டும் குழந்தைகளிடம் பார்த்தால் போதும். இதை நான் குறை சொல்லவில்லை. வலிப்பு வரும் குழந்தைக்கு மாதக்கணக்கில் வெற்று மாத்திரை கொடுக்காமல் இருக்க இது நல்ல வழி. ஆனால் "குழந்தைகளுக்கு அனுமதிக்கப்பட்டது" என்று பெட்டியில் பார்க்கிற அப்பா, குழந்தைகளிடம் பலன் நிரூபிக்கப்பட்டது என்றுதான் படித்துக்கொள்வார். அதுவும் இதுவும் ஒன்றில்லை.

பழைய மருந்தின் கெட்ட பெயரையும் இதே தராசில் வைக்கணும். 1996-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், ஃபீனோபார்பிட்டால் பெற்ற முதல் 10 குழந்தைகளில் 6 பேர் பக்க விளைவால் விலக, அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். 1998-இல் மேற்கு வங்காளக் கிராமப்புறத்தில் 94 குழந்தைகளிடம் ஃபீனோபார்பிட்டாலையும் ஃபெனிட்டாயினையும் ஒப்பிட்டபோது, நடத்தைக் கோளாறு ஃபீனோபார்பிட்டாலில் கூடுதலாக இல்லை. அதே மூலக்கூறு, இரண்டு தீர்ப்பு. பத்துப் பேர் என்பது எண்ணிக்கையே இல்லை, 94-உம் சின்னதுதான். அங்கே பெற்றோருக்கு முன்கூட்டியே பயம் இருந்திருக்கலாம், இங்கே சின்ன மாற்றங்கள் கணக்கில் வராமல் போயிருக்கலாம். ஏழை நாடுகளில் ஃபீனோபார்பிட்டால் தொடரலாமா என்ற வாதம் இந்த இரண்டு ஆய்வுகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறது.

கிளாஸ்கோ வரைபடத்தின் அந்தப் படுத்துப்போன வாலுக்குத் திரும்புகிறேன். இரண்டு மருந்து சரியாகக் கொடுத்தும் நிற்கவில்லை என்றால், மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது புது மருந்துக்குப் போகிறோம். ஒவ்வொன்றுக்கும் மெதுவாக ஏற்ற சில மாதம், பார்க்கச் சில மாதம். குழந்தைக்கு அது இரண்டு வகுப்பு. அந்த நேரத்தில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, இது அறுவை சிகிச்சைக்கு ஏற்ற வலிப்பா என்பது. எல்லோருக்கும் ஏற்றதில்லை, மூளையில் இடம் தெளிவாகத் தெரியணும். இதைக் குழந்தைகளிடம் குலுக்கல் முறையில் சோதித்தது டெல்லி எய்ம்ஸ். 2017-இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்தது. மருந்துக்கு அடங்காத, அறுவைக்கு ஏற்றவர்கள் என்று தேர்ந்தெடுத்த 116 பேர், எல்லோரும் 18 வயதுக்குள். 57 பேருக்கு மருந்தோடு அறுவை, 59 பேருக்கு மருந்து மட்டும். ஒரு வருஷம் கழித்து வலிப்பே இல்லாதவர்கள் அறுவைப் பிரிவில் 77 சதவீதம், மருந்துப் பிரிவில் 7. அறுவை செய்தவர்களில் 19 பேருக்கு, உடம்பின் ஒரு பக்கம் பலவீனமாவது உட்பட, கடுமையான பாதிப்புகள் வந்தன. அதையும் கட்டுரை மறைக்காமல் சொல்கிறது. மருந்து மட்டும் பெற்ற அந்த 59 பேரும் அந்த ஒரு வருஷமும் அறுவைக்கான காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்கள்தான்.